சரி என்றார் மாமா

இறக்கை அறைவாசலில் மாட்டிக்கொண்டது.

“சாய்ச்சுப் பிடி அக்கா. அந்தப் பக்கம் இல்ல, உன் பக்கம்.”

“நான் திரும்பி நிக்கிறேன். என் பக்கம்னா எதுடா?”

“பீரோ இருக்கிற பக்கம்.”

பரணிலிருந்து இறக்கியதில் இருவர் தலையிலும் தூசி. இறக்கை அவன் உயரத்தைவிட நீளம். பொம்மை விமானம் கட்ட வாங்குகிற, நகம் பட்டால் பள்ளம் விழுகிற பால்சா மரம். மீன்முள் போல வரிசையாக விலாக்கள். மேலே எதுவும் போர்த்தவில்லை. விலாக்களின் இடைவெளியில் எதிர்ச் சுவர் தெரிந்தது, சுவரில் மூன்று மாதமாகக் கிழிக்காத காலண்டர் தெரிந்தது, கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த மாமா தெரிந்தார். அவர் கண் இறக்கையை விட்டு நகரவில்லை.

“போர்த்திடட்டா மாமா?” என்று கேட்டான்.

“சரி,” என்றார்.

“சிவப்புலயா?”

“சரி.”

“மஞ்சள் நல்லா இருக்குமே?”

“சரி.”

“பேசாம ஒடிச்சு அடுப்புல வெச்சிரலாமா?”

“சரி,” என்றார் மாமா. உதடு ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. சிரிப்பா என்று தெரியவில்லை.

அக்கா தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். “அவர்கிட்ட மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு வார்த்தை. அதையும் கிண்டல் பண்ணு.”

மாமா, அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதம் முன்பு ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை போனது, வலது கால் போனது, பேச்சு போனது. ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. அது எந்தக் கேள்விக்கும் வரும், கேள்வி இல்லாமலும் வரும். வலித்தாலும் சரி, பசித்தாலும் சரி. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில்தான் வெளியே வர வழியில்லை என்றார் டாக்டர். பன்னிரண்டு படங்கள் உள்ள தாள் ஒன்றும் கொடுத்தார்: தண்ணீர், சோறு, கழிப்பறை, மின்விசிறி, வலி. தொட்டுக் காட்டினால் போதும். அதை லேமினேஷன் செய்து கொடுத்தது இவன்தான்.

இவனுடைய தொழில் அது. நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. கடையில் ஒரு விதி உண்டு. கொடுக்கிற தாளை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் மெஷினில் விடமாட்டான். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து லேமினேஷன் செய்துகொண்டு போனாள். அரைமணியில் திரும்பி வந்தாள். “செத்தது நான்னு போட்டிருக்குங்க,” என்றாள். பெயர் மாறியிருந்தது. பிரிக்க முயன்றதில் தாளே இரண்டாக உரிந்து வந்தது. அன்றிலிருந்து விதி.

கடைக்கு வெளியே அவனுக்குப் போர்வை என்று பெயர். வைத்தது பல்டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் ரிமோட் விமானம் விடுகிற ஏழெட்டுப் பேருக்கு அவர்தான் தலைவர் மாதிரி. போர்வைக்கு விமானம் கட்டத் தெரியாது. ஒரு விலாவை அறுத்தால் அது இரண்டாகும். ஓட்டவும் தெரியாது, ஒருமுறை ஓட்டி, அடுத்த தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினான். ஆனால் யாரோ கட்டிப் போர்த்தாமல் விட்ட எலும்புக்கூடு கிடைத்தால், அதன் மேல் பிலிம் ஒட்டி, சின்ன இஸ்திரிப்பெட்டியால் ஓரங்களைப் பிடிக்கவைத்து, சூடு காட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துத் தருவான். விரலால் சுண்டினால் தப்பு மேளம் போலச் சத்தம் வரும்.

“கட்டத் தெரியாது, ஓட்டத் தெரியாது, நடுவுல வந்து போர்வை போத்துவான்,” என்பார் பல்டாக்டர்.

“வீட்டுல சட்டை கசங்கிக் கிடக்கு, ரெக்கைக்கு இஸ்திரி,” என்பாள் மனைவி.

பதினெட்டு வருடத்தில் பதினொரு எலும்புக்கூடுகள். அவற்றைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை. வீடு காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் நிற்பான். பழைய பேப்பர் கடைக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தான். ஒன்று இறந்துபோன தபால்காரரின் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. ஒன்றை ஒரு வீட்டில் கொடியாகப் பயன்படுத்தினார்கள்; விலாக்களில் குழந்தைச் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. ஏன் இத்தனை பேர் கட்டி முடித்துவிட்டுப் போர்த்தாமல் விடுகிறார்கள் என்று ஒருமுறை மாமாவிடம் கேட்டான். மாமா அப்போது நன்றாக இருந்தார். ஆனாலும் அதிகம் பேசமாட்டார். “போர்த்தினா பறக்க விடணும்,” என்றார். “பறக்க விட்டா உடையும்.”

அவரே ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்ததுதான் பன்னிரண்டாவது. அது அக்கா வீட்டுப் பரணில் கிடந்தது. அவர் தருவதாக இல்லை, இவனும் கேட்கவில்லை. இப்போது அக்காதான் கேட்டாள்.

“ஒரு தடவை மேல போறதை அவர் பார்க்கணும்டா. கட்டில்ல கிடந்து ஃபேனையே பார்த்துக்கிட்டிருக்கார். வேற எனக்கு எதுவும் வேணாம்.”

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கண்ணை இறக்கையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தான். உடனே தெரிந்தது. இரண்டு நுனிகளிலும் பின்னோரம் லேசாக மேலே தூக்கியிருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்தமாதிரி நேர், நுனிக்குப் போகப்போக முறுக்கல். பரணுக்கு மேலே ஓடு. போன மழையில் அக்கா அங்கே பாத்திரம் வைத்தது அவனுக்குத் தெரியும். ஈரம் இழுத்துவிட்டது என்று முடிவு செய்தான். இப்படி எத்தனையைப் பார்த்தாயிற்று.

கடைசி விலாவில் பென்சிலால் 3 என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் அது பதினான்காவது விலா. மறுநுனியிலும் அதே 3. மாமாவுக்கும் எண்ணிக்கை தப்பும் போலிருக்கிறது என்று நினைத்து அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. மாமா தப்புச் செய்து அவன் பார்த்ததில்லை.

மூன்று நாள் ஆனது. எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டே சூடு காட்டினான். பிலிம் சுருங்கி இழுத்தது. விட்டுப் பார்த்து, மறுபடி முறுக்கி, மறுபடி சூடு. மனைவியை ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னான். அவள் ஒரு கையில் பிடித்தபடி மறுகையில் போனில் பேசினாள். மூன்றாம் நாள் மாலை மேசையில் வைத்தபோது நுனியிலிருந்து நுனிவரை ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. மேலே மஞ்சள், கீழே சிவப்பு. சுவரும் காலண்டரும் இனி அதற்குள் தெரியாது. 3-உம் தெரியாது.

அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய் மாமாவின் கட்டில் மேல் குறுக்காக வைத்தான்.

“பரண்ல கிடந்து முறுக்கிக்கிட்டிருந்துச்சு மாமா. சரி பண்ணிட்டேன். சரியா இருக்கா பாருங்க.”

மாமா இடது கையால் தடவினார். நடுவில் தொடங்கி நுனிவரை போனார். நுனியில் விரல் நின்றது. கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்துப் பின்னோரத்தைப் பிடித்தார். மறுநுனிக்குக் கை எட்டவில்லை. இவன் திருப்பிக் கொடுத்தான். அங்கேயும் அப்படியே பிடித்தார்.

“சரி,” என்றார்.

எந்தக் கேள்விக்கும் அந்தச் சொல்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று நாள் முன்புதான் அதை வைத்து விளையாடினான். ஆனாலும் அந்த நிமிடம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

மாமா உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து நீட்டினார். மணிக்கட்டில் மெதுவாகத் திருப்பினார். “சரி,” என்றார். மறுபடி திருப்பினார். “சரி. சரி.”

“ஃபேனைக் குறைக்கணுமா?” என்றாள் அக்கா. குறைத்தாள்.

கை திரும்பிக்கொண்டே இருந்தது.

“குழாயைத் திறந்து விட்டுட்டேனோ?” போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “மூடித்தான் இருக்கு.”

“சாவியா மாமா?” என்றான் இவன்.

“சரி,” என்றார்.

பீரோச் சாவி, வாசல் சாவி, பழைய சைக்கிள் சாவி எல்லாம் கட்டிலில் வந்து விழுந்தன. மாமா சாவிகளைத் தள்ளிவிட்டார். படங்கள் உள்ள அட்டையைக் காட்டினார்கள். பன்னிரண்டு படத்திலும் அவர் கண் போய் வந்தது. எதையும் தொடவில்லை. அட்டையைத் தூக்கி எறிந்தார். லேமினேஷன் செய்தது, ஒன்றும் ஆகாது, சுவரில் பட்டு வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போனது.

அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. பென்சிலை அவருடைய இடது கையில் கொடுத்து நோட்டைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து எதுவும் வரவில்லை. வெகுநேரம் முயன்று ஒரு கோடு போட்டார். படுத்த கோடு, ஒரு முனையில் கொஞ்சம் மேலே ஏறியது.

“கோடு போட்டார்டா!” அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “டாக்டர்கிட்ட காட்டணும்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சக்கர நாற்காலியை மைதானத்தின் ஓரத்தில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் தடவை பறக்கவிடும் நாளில் போர்வை மைதானத்துக்கு வருவதில்லை. போர்த்தியது உடைவதைப் பார்க்கச் சகிக்காது. இன்று அக்கா விடவில்லை.

பல்டாக்டர் மாமாவுக்கு முன் குனிந்தார். “பயப்படாதீங்க அண்ணே, வாயைத் திறங்கன்னு சொல்லமாட்டேன்.”

“சரி,” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மாமா உள்ளங்கையை நீட்டித் திருப்பினார். பல்டாக்டர் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இறக்கையை உடலில் பூட்டி, விமானத்தைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, இறக்கையின் நீளத்துக்குப் பார்த்தார். “என்னமா நேரா இருக்குய்யா. நுனிதான் ரொம்ப ஒடுங்கி இருக்கு. பரவாயில்ல. பேட்டரி எட்டு நிமிஷம். நாலு சுத்து சுத்தி இறக்கிடலாம்.”

புல்லில் ஓடியது, குதித்தது, மேலே போனது.

அக்கா கைதட்டினாள். “பறக்குதுங்க! நீங்க கட்டினது பறக்குது, பாருங்க!” பிறகு அழுதாள். அழுதுகொண்டே தட்டினாள்.

விமானம் பள்ளிக் கட்டடத்தைத் தாண்டித் திரும்பி மைதானத்தின் மேலே வந்தது. வெயில் மஞ்சளில் பட்டது. நாற்காலிக்குப் பின்னால் போர்வை நின்றிருந்தான். மாமாவின் இடது கை எழுந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, கட்டைவிரல் முன்னால், சுண்டுவிரல் பின்னால். அவன் நின்ற இடத்திலிருந்து பார்க்கையில் விமானமும் கையும் ஒரே கோட்டில் வந்தன. கை விமானத்தை மறைத்தது. விமானம் போகிற வேகத்துக்குக் கையும் போனது. போகும்போதே சுண்டுவிரல் பக்கம் மட்டும் லேசாக மேலே தூக்கியது.

மின்விசிறி இல்லை, குழாய் இல்லை, சாவி இல்லை.

“மூணு,” என்றான் போர்வை.

மாமாவின் தலை திரும்பியது.

“மூணு மில்லிமீட்டர். பின்னோரம். ரெண்டு நுனியிலயும். நீங்களே தூக்கி வெச்சது.”

“சரி,” என்றார் மாமா.

எட்டு மாதத்தில் அந்தச் சொல் அதன் இடத்தில் விழுந்தது அப்போதுதான்.

போர்வை புல்லில் ஓடினான். பல்டாக்டர் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “என்னப்பா?” என்றார்.

“நுனியில பின்பக்கம் தூக்கி வெச்சிருந்தார் டாக்டர். நான் அதை நேராக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“ஈரத்துல வளைஞ்சிருச்சுன்னு நினைச்சேன்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும். ஒரே அளவு.”

“ஈரம் என்ன, ஸ்கேல் வெச்சா வளைக்கும்?”

பல்டாக்டர் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். இப்படி ஒடுங்கின நுனிக்கு அது வேணும். இல்லாட்டி வேகம் குறையும்போது நுனிதான் முதல்ல காத்தை விடும். ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கமே தொபுக்குன்னு கவுந்துரும்.

“அப்ப மெதுவாக்காதீங்க.”

“மெதுவாக்காம எப்படிப்பா இறக்குறது? அந்தாண்ட சுவரு, இந்தாண்ட மரம். இது என்ன விமான நிலையமா?”

“மேலயே இருக்கட்டுமே.”

“அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை. மேலே போனது இறங்கித்தான் ஆக வேண்டும். இஸ்திரிப்பெட்டி வீட்டில் இருந்தது. சூடு காட்டி மறுபடி முறுக்க ஒரு மணி நேரம் போதும். முந்தின நாள், அதற்கு முந்தின நாள், எந்த நாளும் போதும். இப்போது அது தென்னை உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, அவன் தரையில் நின்றுகொண்டிருந்தான். பத்து விரலும் சும்மா இருந்தன. என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டான். பிறகு அவிழ்த்துவிட்டான்.

“இன்னொரு சுத்து டாக்டர்!” என்று அக்கா தூரத்திலிருந்து கத்தினாள். “அவருக்கு நல்லாத் தெரியற மாதிரி!”

பல்டாக்டர் இன்னொரு சுற்று விட்டார். இன்னொன்றும் விட்டார். முகத்தில் வியர்வை. மூன்று நிமிடம் இருக்கும்போது இறக்கப் பார்த்தார். வேகமாகவே கொண்டுவந்தார். பாதி மைதானம் தாண்டியும் அது தரையைத் தொடவில்லை. சுவருக்கு முன்னால் மறுபடி மேலே தூக்கினார். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறைக்கு மோட்டாரின் சத்தம் மாறியது. பேட்டரி முடிகிறது. மரத்துக்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பும்போது வேகம் குறைந்தே தீரும்.

“வா, வா, வா,” என்றார் பல்டாக்டர். பல் பிடுங்கும்போதும் அவர் அப்படித்தான் சொல்வார்.

திரும்பியது. பாதித் திருப்பத்தில் இடது நுனி தாழ்ந்தது. மெதுவாக, யாரோ தொட்டுச் சாய்த்த மாதிரி. பிறகு மெதுவாக இல்லை. மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று ஒருமுறை சுழன்றது. புல்லில் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பழைய கூடையை மிதித்தால் வருகிற சத்தம்.

மாமாவின் கை தூக்கியது தூக்கியபடி இருந்தது.

பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பல்டாக்டர் நாற்காலிக்கு முன் நின்று, “மன்னிச்சுக்குங்க அண்ணே,” என்றார். போர்வையை அவர் பார்க்கவில்லை.

“சரி,” என்றார் மாமா.

“பாரு,” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவரே பரவாயில்லைன்னுட்டார். ஆறு சுத்து சுத்துச்சு. போதும். காத்து வந்து தள்ளிருச்சு, யார் என்ன பண்ண முடியும்?”

“அக்கா, நான்தான்…”

“நீ நல்லாத்தான்டா போர்த்தின. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நீ என்ன பண்ணுவ?”

அவன் மாமாவைப் பார்த்தான். மாமாவும் அவனைப் பார்த்தார். “சரி,” என்றார் இன்னொரு முறை. பரவாயில்லை என்றாரா, நீதான் என்றாரா, இவளிடம் சொல்லாதே என்றாரா. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வரும். நாற்காலியைத் தள்ளினான். ஒரு சக்கரம் புல்லில் சிக்கி ஒரு பக்கமாக இழுத்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தான். மெஷின் சூடாக ஐந்து நிமிடம் ஆனது. மதியத்துக்குள் பதினேழு அடையாள அட்டைகள், இரண்டு மதிப்பெண் சான்றிதழ்கள், ஒரு திருமணப் பதிவு. எல்லாரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். ஒரு பெரியவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். அவருக்காக இவன் படித்தான். “சரிங்க,” என்றார் அவர். இன்னொரு முறை படித்தான். “அதான் சரின்னேனே,” என்றார். மெஷினில் விட்டான்.

இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். மாமா காலையில் சாப்பிடவில்லை, உடைந்த துண்டுகளைக் கட்டிவைத்த மூட்டையையே கை காட்டினார், பிரித்துக் கொடுத்த பிறகு சாப்பிட்டார் என்றாள். சாயங்காலம் போனான். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒடிந்த இறக்கை நுனி மடியில் இருந்தது. இடது கை நகத்தால் பிலிமை உரித்துக்கொண்டிருந்தார். பிலிமோடு மரமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடைசி விலாவில் 3 பாதி தெரிந்தது. அக்கா தேநீர் கொடுத்தாள். குடித்தான். அட்டை இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தான்.

ஏழரைக்கு வீடு திரும்பினான். மனைவி இரண்டு சட்டைகளைக் கட்டிலில் போட்டிருந்தாள். இரண்டையும் தேய்த்து மாட்டினான்.